கீலுக்குள் ஓடும் பிளெக்ஸ் பழுதானால்: ஜம்பரா, பிளெக்ஸ் மாற்றமா, முழு செட்டா?

விரித்தால் சார்ஜ் ஏறுகிறது, மடித்தால் நின்றுபோகிறது. இப்படி ஒரு மடிப்பு போனை எடுத்துக்கொண்டு புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ கடை கடையாக ஏறி இறங்கினால் மூன்று விதமான பதில் கிடைக்கும். "ஒயர் இழுத்து ஜம்பர் போட்டுடலாம் சார், சாயங்காலம் வாங்க" என்பார் ஒருவர், அதாவது அறுந்த கோட்டைத் தாண்டி மெல்லிய ஒயரைச் சால்டர் வைத்து இணைப்பது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பிளெக்ஸ் (கீலுக்குள் வளைந்து ஓடும் மின்பட்டை) வரவழைத்து மாற்றலாம் என்பார் இன்னொருவர். கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ டிஸ்ப்ளே, ஃப்ரேம், கீல் எல்லாம் சேர்ந்த செட்டையே மாற்றச் சொல்வார்கள். மூன்றுக்கும் உரிய இடம் உண்டு. இடம் மாறிச் செய்தால் பணமும் போய் போனும் போகும். எதைத் தேர்வது என்பதைப் பெரும்பாலும் ஒரே கேள்வி தீர்த்துவிடும்: கோணம் மாறும்போது பழுதும் மாறுகிறதா?

அந்தக் கேள்விக்கு ஏன் இத்தனை எடை என்று புரிய, கீலுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மெயின் போர்டு ஒரு பாதியில்தான் இருக்கும். சாம்சங் கேலக்ஸி இசட் ஃபிளிப் போன்ற சின்ன மடிப்பு வகையில் போர்டு மேல் பாதியில். சார்ஜ் போர்ட்டும் மைக்கும் ஒரு பேட்டரியும் கீழ்ப் பாதியில். புத்தகம்போல் விரியும் ஃபோல்டு வகையில் போர்டும் பின் கேமராவும் ஒரு பக்கம், வெளி டிஸ்ப்ளேவும் இன்னொரு பேட்டரியும் மறு பக்கம். இவற்றை இணைக்கும் பாலம்தான் பிளெக்ஸ்: பாலிஇமைடு என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் படலத்துக்குள் 12 அல்லது 18 மைக்ரான் (1,000 மைக்ரான் ஒரு மி.மீ.) கனமுள்ள செம்புக் கோடுகள். பேட்டரி மின்சாரம், யுஎஸ்பி டேட்டா, வெளி டிஸ்ப்ளேயின் சிக்னல், ஸ்பீக்கர், மைக் எல்லாம் இதன் வழியாகத்தான் போகின்றன.

உள் டிஸ்ப்ளேயின் கதை வேறு. அதன் மின்கோடுகள் பேனலுக்குள்ளேயே மடிகின்றன. மடிப்புக் கோட்டை ஒட்டிக் கறுப்புக் கோடு, மை சிந்தியதுபோல் கறை, திரையின் ஒரு பாதியில் மட்டும் டச் வேலை செய்யாமை ஆகியவை பேனலின் பழுதுகள். பிளெக்ஸை எத்தனை முறை மாற்றினாலும் இவை சரியாகாது. பணம் வீணாவது அதிகமும் இந்தக் குழப்பத்தில்தான்.

பிளெக்ஸ் ஏன் அறுகிறது?

ஒரு கணக்கு போட்டால் விளங்கிவிடும். வளையும் பட்டையின் நடுவில் நீட்சியும் இல்லை, அமுக்கமும் இல்லை. நடுவிலிருந்து செம்பின் மேற்பரப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் செம்பு எத்தனை சதவீதம் இழுபடுகிறது என்று கிடைக்கும். 12 மைக்ரான் செம்பு ஒற்றை அடுக்காக, மேலும் கீழும் சம கனத்தில் படலம் போர்த்தி, சரியாக நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் 6 மைக்ரானை 3,000-ஆல் வகுக்க வேண்டும், 0.2 சதவீதம் வரும். இதையே 25 மைக்ரான் படலத்தின் இருபுறமும் செம்பு வைத்த இரட்டை அடுக்காகச் செய்தால் செம்பின் வெளிப்பரப்பு நடுவிலிருந்து 24.5 மைக்ரான் தள்ளிப் போகிறது. அதே வளைவில் 0.8 சதவீதம். நீட்சி நான்கு மடங்கு கூடினால் ஆயுள் நான்கில் ஒரு பங்காகக் குறைவதோடு நிற்காது, அதைவிட வெகு வேகமாக விழும். இரும்புக் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்பதுபோன்ற களைப்புதான் இது.

அதனால்தான் நல்ல பிளெக்ஸில் வளையும் பகுதி ஒற்றை அடுக்காக இருக்கும். அல்லது பல அடுக்குகள் அந்த இடத்தில் மட்டும் ஒட்டாமல், புத்தகத் தாள்போல் தனித்தனியாக நழுவும். செம்பு உருட்டித் தட்டி நெகிழ்த்தியதாக இருக்கும். மின்படிவாக வளர்த்த செம்பின் மணிகள் (நுண் படிகங்கள்) நெட்டுக்குத்தாக நிற்பதால் விரிசல் அதில் சுலபமாக இறங்கும். வளைவில் துளையோ முலாமோ இருக்காது. கோடுகள் கீலின் அச்சுக்கு நேர் குறுக்காக, அகலம் மாறாமல் ஓடும். விறைப்புக்காக ஒட்டிய தகட்டின் ஓரம் வளைவிலிருந்து விலகி நிற்கும். அந்த ஓரம் வளைவுக்குள் வந்துவிட்டால் பிளெக்ஸ் அங்கேதான் அறுகிறது.

1996-இல் வந்த மோட்டரோலா ஸ்டார்டேக், 2004-இல் வந்த ரேசர் வி3 போன்ற பழைய மடிப்பு போன்களில் கீல் உருளையாக இருந்தது. பிளெக்ஸை அதற்குள் சுருட்டிவிட இடம் இருந்தது. 180 டிகிரி வளைவை 10 மி.மீ. நீளத்தில் அடக்கினால் ஆரம் சுமார் 3.2 மி.மீ.; 30 மி.மீ. நீளத்தில் பரப்பினால் 9.5 மி.மீ. பரப்பப் பரப்ப செம்புக்கு நிம்மதி. லேப்டாப் கீலில் போகும் மைக்ரோ கோஆக்ஸ் (கவசமிட்ட மெல்லிய ஒயர்) கட்டும் இந்த வசதியை நம்பித்தான் இருக்கிறது: ஒவ்வொரு ஒயரும் தனியாக முறுக்கிக்கொள்ளும், வேக சிக்னலுக்கும் நல்லது. ஆனால் 2025-இன் கேலக்ஸி இசட் ஃபோல்டு 7 விரித்த நிலையில் 4.2 மி.மீ. கனம்தான். ஒயர் கட்டை உருட்டிவைக்க அதில் இடம் ஏது? எனவே இன்றைய மடிப்பு போனுக்குப் பிளெக்ஸைத் தவிர வேறு வழி கிடையாது. "ஒயரா மாத்திட்டா கெட்டியா இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் செய்யும் சோதனை

முதல் வேலை டேட்டா பேக்கப். போன் உயிரோடு இருக்கும் கோணத்தில் அசையாமல் வைத்துப் படங்கள், காண்டாக்ட், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். விரிசல் ஒவ்வொரு மடிப்பிலும் வளரும். இன்று வேலை செய்யும் கோணம் நாளை செய்யாது.

அடுத்து கவரைக் கழற்றுங்கள். மடித்தது தெரிய போனுக்குள் காந்தமும் அதை உணரும் ஹால் சென்சாரும் உண்டு. காந்த மூடி வைத்த கவர், பைக்கில் மாட்டும் ஹோல்டர், கைப்பையின் காந்தப் பொத்தான் எதுவானாலும் திரையைக் கண்ட கோணத்தில் அணைத்து, பிளெக்ஸ் பழுதுபோலவே காட்டும். கவரைக் கழற்றியதும் சரியானால் செலவே இல்லை.

பிறகு யுஎஸ்பி மீட்டர். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே செருகும் சின்ன மீட்டர் போதும். பேட்டரி 20-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருக்கும்போது, போனை அணைத்துவிட்டு சார்ஜ் போடுங்கள். நிரம்பும் தறுவாயில் கரண்ட் தானாகவே குறையும், திரை எரிந்தால் ஏறி இறங்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு. கரண்டைப் பார்த்தபடி மெதுவாக 180 டிகிரியிலிருந்து 90-க்கும், பிறகு முழு மடிப்புக்கும் கொண்டுபோங்கள். ஏதோ ஒரு கோணத்தில் சட்டென்று விழுந்து, திரும்பும்போது அதே இடத்தில் ஏறினால் பிளெக்ஸில் விரிசல். எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் போர்ட், கேபிள், பேட்டரியைச் சந்தேகியுங்கள். சாம்சங் போனில் *#0*# அழுத்தினால் சோதனை மெனு வரும். ஸ்பீக்கர், அதிர்வு, சென்சார்களைக் கோணம் மாற்றிமாற்றி அதில் பார்க்கலாம். மைக்கைச் சோதிக்கக் குரல் பதிவு போதும்.

சார்ஜ் 40 சதவீதத்திலிருந்து திடீரென்று 10-க்கு விழுவது, மடிக்கும்போது போன் ரீஸ்டார்ட் ஆவது இரண்டும் பேட்டரி கோட்டில் பழுது இருப்பதற்கான அறிகுறி. மடித்தபோது போன் சூடானால் உடனே அணைத்துவிட்டு அதன்பின் சார்ஜ் போடாதீர்கள். அறுந்த செம்பு பக்கத்துக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இதில் காத்திருப்பது ஆபத்து.

ஜம்பர்

கடைகளில் பயன்படுத்தும் மெல்லிய ஜம்பர் ஒயர் 0.02 மி.மீ. விட்டம். மெல்லிசாக இருப்பதால் ஒயர் வளைவைத் தாங்கும். தாங்காதது சால்டர் வைத்த முனையும், அதன்மேல் பூசி யுவி விளக்கில் இறுக்கும் பச்சை மாஸ்க் என்ற காப்புப் பூச்சின் ஓரமும். வளையும் இடத்தில் புதிதாக ஒரு விறைப்பான ஓரத்தை நாமே உண்டாக்கிவிடுகிறோம். மறு விரிசல் அங்கேயே விழும்.

மின்தடையும் இடிக்கும். அதே ஒயர் 60 மி.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 3.3 ஓம். அரை ஆம்பியர் ஓடினாலே 1.6 வோல்ட் அதில் விழுந்துவிடும். 3.8 வோல்ட் பேட்டரி கோட்டுக்கு இது எந்த வகையிலும் உதவாது. ஒப்பிட்டுப் பாருங்கள்: 18 மைக்ரான் கனம், 5 மி.மீ. அகலமுள்ள செம்புப் பட்டை அதே நீளத்துக்கு 11 அல்லது 12 மில்லி ஓம்தான். 0.1 மி.மீ. ஒயர் போட்டால் தடை 0.13 ஓமாக இறங்கும். ஆனால் 3 மி.மீ. ஆரத்தில் வளைக்கும்போது அதன் நீட்சி 1.7 சதவீதம், சீக்கிரமே அறுந்துவிடும். டிஸ்ப்ளே, யுஎஸ்பி போன்ற வேக சிக்னல்களோ ஜோடியாக ஓடுபவை. யுஎஸ்பி ஜோடிக்கு 90 ஓம், டிஸ்ப்ளே ஜோடிக்கு 100 ஓம் இம்பீடன்ஸ் (வேக சிக்னல் உணரும் எதிர்ப்பு; மேலே சொன்ன ஒயர்த் தடை வேறு) வரும்படி அளந்து வரையப்பட்டவை. தனி ஒயரில் அந்த அளவு நிற்காது. படம் மின்னும், டேட்டா விட்டுவிட்டு வரும்.

ஆகவே கீலைக் கடக்கும் ஜம்பரை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. ஒரே விலக்கு: போனுக்குள் மாட்டிய டேட்டாவை எடுக்க, போனை அசைக்காமல் ஒரு மணி இரண்டு மணி ஓட்டுவதற்கு. மற்றபடி கீலைக் கடக்காத ஜம்பர் நல்ல வேலைதான். கனெக்டரின் பின் ஒன்று போர்டு பக்கம் எழும்பிவிட்டது, அங்கிருந்து 5 மி.மீ. தள்ளி ஒரு புள்ளிக்கு ஒயர் இழுக்கிறார்கள் என்றால் தயங்க வேண்டாம். "ஒயர் கீலுக்குள்ள போகுதாண்ணே?" என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

பிளெக்ஸ் மட்டும் மாற்றுவது

கோணத்தோடு மாறும் பழுது, உள் டிஸ்ப்ளே நலம், கீல் ஆட்டமில்லாமல் இறுக்கமாக நிற்கிறது, உப்புத்தண்ணீர் படவில்லை. இந்த நான்கும் சேர்ந்தால் பிளெக்ஸ் மாற்றம்தான் சரி. செலவும் மற்ற முழு மாற்றத்தோடு ஒப்பிட மிகக் குறைவு.

பிரச்சினை பார்ட்டின் தரம். வேறு டெட் செட்டிலிருந்து கழற்றிய ஒரிஜினலில் பொருள் நல்லது, ஆனால் ஏற்கெனவே எத்தனை மடிப்பு தின்றது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு 100 முறை மடித்தால் வருடத்துக்கு 36,500. டிஸ்ப்ளே உடைந்து டெட் ஆன, அதிகம் பழகாத செட்டின் பிளெக்ஸ் என்றால் வாங்கலாம். புதிய நகல் பிளெக்ஸை வாங்குமுன் மூன்று சோதனை. ஒரு முனையைப் பிடித்துப் படுக்கைவாக்கில் நீட்டுங்கள்: ஒரிஜினல் வளையும் பகுதியில் துவண்டு தொங்கும், விறைப்பாக நிற்பது கனமான செம்பும் பசையும். வளையும் பகுதியின் ஓரத்தை லென்ஸில் பாருங்கள்: பழைய பிளெக்ஸில் அடுக்குகள் பிரிந்திருந்து புதியதில் ஒட்டியிருந்தால் வேண்டாம். மைக்ரோமீட்டர் இருந்தால் இரண்டின் கனத்தையும் அதே இடத்தில் அளந்து ஒப்பிடுங்கள். நகல் ஒன்றரை மடங்கு கனமென்றால் அது நாள் தாங்காது.

வேலை நடக்கும் முறையையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பேட்டரியை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். பின் கண்ணாடியை 70-80 டிகிரி ஹீட் பிளேட்டில் சில நிமிடம் வைத்து, பிளாஸ்டிக் பிக்கால் பிரிக்க வேண்டும். மடிப்புத் திரையில் பிளாஸ்டிக் அடுக்குகள் உண்டு, ஹாட் ஏரை அதன்பக்கம் காட்டவே கூடாது. பிறகு பேட்டரி கனெக்டர். இதில்தான் சாதாரண போனில் கைபழகியவர்களும் தவறுகிறார்கள். பேட்டரி இரண்டு. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மறந்தால் பிளெக்ஸில் மின்சாரம் அப்படியே இருக்கும். புதிய கனெக்டரைப் பொருத்தும்போது பின்கள் உரசி போர்டில் ஐசி (சிப்) போய்விடும். இரண்டையும் கழற்றியபின் மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டே மற்ற கனெக்டர்களை நேர் மேலாக எழுப்ப வேண்டும்.

பழைய பிளெக்ஸ் எந்தப் பக்கம் குழிந்து வளைந்திருக்கிறது என்று போட்டோ எடுத்தபின்தான் அதைப் பிரிக்க வேண்டும். பிளெக்ஸ் சுழலும் அச்சிலிருந்து 1 மி.மீ. தள்ளி ஓடினால், 180 டிகிரி மடிப்பில் 3.14 மி.மீ. நீளம் கூடவோ குறையவோ வேண்டும். அந்த உபரிதான் கீலுக்குள் இருக்கும் தொய்வு. அதை நேராக இழுத்து ஒட்டினால் மடிக்கும்போது கனெக்டரைப் பிடுங்கும். அதிகமாக விட்டால் கீலின் பற்களுக்கிடையில் நசுங்கும். ஒரு முனையை மட்டும் ஒட்டி, பத்து முறை மெதுவாக மடித்து விரித்து, இழுப்பும் சுருக்கமும் இல்லை என்று பார்த்தபின் மறு முனையை ஒட்டுவதே முறை. கண்ணாடியை மூடுமுன் மறுபடி யுஎஸ்பி மீட்டரோடு 20, 30 மடிப்பு. இதைக் கடைக்காரரிடம் கேட்டு, கூடவே நின்று பாருங்கள். நல்ல வேலைக்காரர் மறுக்க மாட்டார்.

முழு செட்

உள் பேனலிலும் பழுது, கீல் லூசாகி நடுவில் நிற்காமல் விழுகிறது, கீலைத் திருப்பும்போது மணல் நறநறக்கிறது என்றால் முழு செட்தான். மணல் புகுந்த கீலில் புதுப் பிளெக்ஸ் போடுவது அறுவாளுக்கு அடியில் கழுத்தை வைப்பதுபோல. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் மற்ற எதையும் யோசிக்காமல் முதலில் கம்பெனி சென்டர். வெளிக்கடையில் ஒருமுறை திறந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்கி, செட்டில் கீலும் பிளெக்ஸும் பேட்டரியும் அடங்குமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். வாரண்டி முடிந்த மூன்று நான்கு வருடப் போனுக்கு அந்தத் தொகை, அதே மாடல் நல்ல செகண்ட் ஹேண்டின் விலையை நெருங்கினால் முழு செட் போட வேண்டாம்.

நம் கரையில் உப்பும் மணலும்

கடற்கரைச் சாலையில் ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் துருவேறுகிறது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே உப்புக்காற்றுதான் கீலின் இடுக்கிலும் போகிறது. 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டு வெளியீடு தள்ளிப்போனதற்குக் கீலின் முனைவழியே தூசு புகுந்து திரையைத் தள்ளியதும் ஒரு காரணம். முனைகளுக்கு மூடி போட்டு செப்டம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. அதன்பின் பாதுகாப்பு கூடியிருக்கிறது, ஆனால் தூசும் தண்ணீரும் எவ்வளவு புகாது என்று சொல்லும் ஐபி எண்களைச் சரியாகப் படிக்க வேண்டும். ஐபி எக்ஸ் 8 என்றால் தண்ணீர்ச் சோதனை மட்டும் நடந்தது, தூசுக்குச் சோதனை இல்லை. ஐபி 48 என்பதில் 4 என்றால் 1 மி.மீ.-க்குப் பெரிய பொருள் புகாது என்று பொருள். கடலூர் சில்வர் பீச் மணலைக் கையில் அள்ளிப் பாருங்கள், அதில் பெரும்பகுதி அதைவிடச் சின்னது. தண்ணீர்ச் சோதனையும் நல்ல தண்ணீரில் செய்வது, கடல் நீரில் அல்ல. கடையில் திறந்து ஒட்டிய போனுக்கு அந்த எண்ணும் பொருந்தாது. அடுத்த புயல் மழையில் பைக்குள் பிளாஸ்டிக் உறையோடுதான் இருக்க வேண்டும்.

உப்பு நீர் உள்ளே போனால் 4 வோல்ட் கோடும் கிரவுண்டும் பக்கத்தில் இருக்கும் கனெக்டரில் மின்பகுப்பு தொடங்கிச் செம்பு பச்சையாகக் கரையும். அந்தப் பச்சை கனெக்டரில் நிற்காமல் படலத்துக்கு அடியிலும் ஊர்ந்து போகும். அப்போது செய்ய வேண்டியது: அணைப்பது, சார்ஜ் போடாமல் இருப்பது, திரும்பத் திரும்ப மடித்து விரிக்காமல் இருப்பது. ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே இறைக்கும். அரிசிப் பானை உப்பை எடுக்காது. அன்றைக்கே திறந்து, இரண்டு பேட்டரியையும் கழற்றி, கனெக்டர்களை டிஸ்டில்டு வாட்டரிலும் பிறகு 99 சதவீத ஐபிஏவிலும் (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) கழுவ வேண்டும். கழுவியபின் போர்டு பக்கத்துக் கனெக்டர் பளபளப்பாக இருந்தால் பிளெக்ஸ் மாற்றம் போதும். அங்கேயும் பச்சை என்றால் போர்டு வேலையும் சேரும். செலவு எங்கே முடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டேட்டாவை மட்டும் எடுத்துவிட்டுப் போனை விடுவதே மேல்.

மணல் விழுந்த கீலுக்குள் கம்ப்ரஸர் காற்று அடிக்கச் சம்மதிக்காதீர்கள். மணலை அது பிளெக்ஸ்வரை தள்ளிவிடும். எண்ணெய் ஸ்ப்ரேயும் வேண்டாம், பிளெக்ஸைப் பிடித்திருக்கும் பசையைக் கரைத்துவிடும். விரித்து, கவிழ்த்துப் பிடித்து, மென்மையான பிரஷ்ஷால் வெளிப்பக்கம் துடைப்பதோடு நிறுத்த வேண்டும்.

பிளெக்ஸ் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வளைவின் நடுவில் குறுக்காக மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அது மடிந்து மடிந்து தேய்ந்தது. புதியது நல்ல தரமென்றால் கவலையில்லை. விறைப்புத் தகட்டின் ஓரத்தில் அறுந்திருந்தால் அது தொய்வு சரியில்லாமல் இழுபட்டது; புதியதை எப்படி ஒட்டினார்கள் என்று அங்கேயே கேட்க வேண்டும். முனையில் பச்சை படர்ந்திருந்தால் உப்பு. ஒரு மாதம் கழித்து மறுபடி திறந்து கனெக்டரைப் பார்க்கச் சொல்லி இப்போதே பேசி வையுங்கள்.